கடைசியாக வந்தவள்

டிரை ஃபோர்க்கில் குடியேறிய மறுவாரமே, இனி இந்த ஊருக்கு வேறு யாரும் வரக்கூடாது என்று லோர்னா க்விஸ்ட் முடிவு செய்துவிட்டாள்.

அதை ஊர் என்பதே ஒரு மரியாதைக்குத்தான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரியும் ஒரு சரளைக்கல் சாலை, அதன் இருபுறமும் புல் வயல்கள், வயல்களுக்கு நடுவே கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் வீடுகள். ஒரு சர்ச் உண்டு. அதைவிடக் கூட்டம் சேரும் மதுக்கடை ஒன்றும் உண்டு. கோடை வந்தால் ஓடை காணாமல் போய்விடும். மேற்கே மலை. கலிபோர்னியாவில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் பாதி ஆயுளைக் கழித்த லோர்னா, விவாகரத்தில் கிடைத்த வீட்டை விற்றுவிட்டு வந்தது அந்த மலைக்காகத்தான். வந்ததும் காலணியை மாற்றினாள், தொப்பி வாங்கினாள், ஒட்டகத்துக்குச் சித்தி பிள்ளை போலிருக்கும் லாமாக்கள் இரண்டை வாங்கிக் கட்டினாள். அவை தபால்காரர் மேல் துப்பின. லோர்னா அதைக் கிராமத்து வாழ்க்கை என்றாள்.

அவளுக்குப் பத்து ஏக்கர் விற்றவர் ஆர்லோ ஸ்டெனெருட். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அங்கே புல் அறுக்கிற குடும்பம். முழங்கால் போனதும் நிலத்தைத் துண்டு துண்டாக விற்று உட்கார்ந்து சாப்பிடலாம் என்று இருந்தார். அடுத்த துண்டை இன்னொருவருக்கு விற்றார், அங்கேயும் ஒரு வீடு எழும்பியது. அதன் கூரை லோர்னாவின் சமையலறை ஜன்னலில் மலையின் பாதியை மறைத்தது. அவள் நேரே அவர் கொட்டகைக்குப் போய் நின்றாள்.

"மலையவே வித்துட்டீங்களே, ஆர்லோ."

"மலை அரசாங்கத்தோடதும்மா. நான் வித்தது புல்லு," என்றார் அவர், டிராக்டருக்கு அடியிலிருந்து தலையை எடுக்காமலே. "நீ வீடு கட்டினப்ப எங்கம்மா ஜன்னல்லயும் மலை போச்சு. அவங்க திரையை இழுத்து விட்டுட்டு அவங்க வேலையப் பாத்தாங்க."

லோர்னா திரையை இழுத்து விடுகிற ரகம் இல்லை. வீடு வீடாகப் போனாள். கிணறு வற்றிவிடும், மான்கள் ஓடிவிடும், சாலையில் புழுதி பறக்கும் என்றாள். ஊரில் பாதிப்பேர் சமீபத்தில் வந்தவர்கள். தாங்கள் கடைசியாக வந்தவர்களாக இருந்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது. அடுத்த தேர்தலில் ஊரார் வாக்களித்துச் சட்டம் வந்தது: இருபது ஏக்கருக்குக் குறைந்த மனையில் இனி வீடு கட்டக் கூடாது, ஏற்கெனவே உள்ள மனையில் ஒரு குடும்பத்துக்கு மேல் தங்கக் கூடாது. பத்து ஏக்கரில் ஏற்கெனவே வீடு கட்டிவிட்ட லோர்னா வெற்றிக்குக் கேக் சுட்டாள். ஆர்லோவுக்கும் ஒரு துண்டு கொடுத்தனுப்பினாள். இனி துண்டு போட்டு விற்க வழியில்லாத ஆர்லோ அதைத் தன் நாய்க்குக் கொடுத்தார்.

வருடங்கள் ஓடின. வீடுகள் குறைவு, வாங்க நினைப்பவர்கள் அதிகம், எனவே விலை மலையைவிட உயரமாகப் போனது. இந்த நேரத்தில்தான் லோர்னாவின் மகள் டெஸ்ஸா, வேலை போன கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அம்மாவின் இடத்தில் ஓரமாக ஒரு சிறிய வீடு கட்டிக்கொள்வது அவள் எண்ணம்.

"பத்து ஏக்கர் கிடக்கேம்மா. அந்த ரெண்டு லாமாவுக்கு எதுக்கு இவ்வளவு இடம்?"

லோர்னா சட்டத்தைச் சொன்னாள். அதை யார் கொண்டுவந்தது என்பதைச் சொல்லவில்லை. அது டெஸ்ஸாவுக்கு மதுக்கடையில் தெரிந்தது. அன்று மாலை அவள் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள்.

லாமாக் கொட்டகைக்குப் பின்னால் உள்ளேயே சமைத்துப் படுக்க வசதியுள்ள ஒரு பழைய கேம்ப்பர் வண்டியை நிறுத்தி, அதற்குப் பச்சைத் தார்பாய் போர்த்தி, குடும்பத்தை அதற்குள் வைத்தாள் லோர்னா. பிள்ளைகளைச் சாலைப்பக்கம் விளையாட விடவில்லை. குறிப்பாக டிரென்ட் வெண்டலின் கண்ணில் படக்கூடாது என்றாள். டிரென்ட் எதிர்வீட்டுக்காரன். அவன் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் சட்டத்தை மீறுபவர்களைப் பற்றி மாவட்ட அலுவலகத்துக்கு ஃபோன் செய்வதையே தொழிலாக வைத்திருந்தான். அவனை அப்படிப் பழக்கியவளும் லோர்னாதான்.

அந்த வசந்த காலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள்.

"நான் ஒருத்திதான்," என்றாள் லோர்னா.

கொட்டகைப் பக்கமிருந்து ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. கணக்கெடுப்புப் பெண் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"லாமா," என்றாள் லோர்னா. "பசிச்சா அப்படித்தான் கத்தும்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அந்தச் சாலையில் அன்று அவள் அதுபோல நிறையக் கேட்டிருப்பாள் போலும். எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

முடிவு வெளியானபோது டிரை ஃபோர்க்கின் ஜனத்தொகை குறைந்திருந்தது. லோர்னா அதைச் சட்டத்தின் சாதனை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். மாவட்ட அலுவலகமும் அதைக் கவனித்தது. இவ்வளவு கொஞ்சம் பேர் இருக்கும் சாலைக்குப் பனி தள்ளும் வண்டி வீண் செலவு என்று அந்தக் குளிர்காலத்தில் வண்டியை நிறுத்திவிட்டது.

முதல் பெரிய பனி இடுப்பளவு விழுந்தது. காலையில் ஒரு காரும் நகரவில்லை. வேலைக்குப் போக வேண்டியவர்கள், மருந்து வாங்க வேண்டியவர்கள், மதுக்கடையில் இரவு மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் மண்வாரியோடு இறங்க வேண்டியதாயிற்று. லோர்னா தனியாகத்தான் வெட்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் கேம்ப்பரின் கதவைத் தட்டினாள். மகளும் மருமகனும் வந்தார்கள், பிள்ளைகள் சமையல் கரண்டியோடு வந்தன.

நிமிர்ந்து பார்த்தபோது சாலை நெடுக ஆட்கள். கொட்டகை மாடியிலிருந்து யாரோ ஒருவரின் தம்பி இறங்கி வந்தான். ஒரு வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து ஒரு குடும்பமே, இரவு உடையோடு, வந்தது. சர்ச்சின் கீழ்த்தளத்திலிருந்துகூட இரண்டு பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். டிரென்ட் வெண்டலின் வீட்டுப் பின்கதவு திறந்தது. முதலில் அவன் மாமியார், பிறகு இரண்டு மைத்துனர்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண். டிரென்ட் லோர்னாவைப் பார்த்தான். லோர்னா டிரென்டைப் பார்த்தாள். இருவரும் குனிந்து பனியை வெட்டினார்கள்.

ஆர்லோ டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு வந்தவர் நடுவழியில் நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"எங்க தாத்தா காலத்துல கூட இந்த ரோட்டுல இவ்வளவு ஜனம் இல்ல," என்றார். "அந்தக் கணக்கெடுக்கிற பொண்ண இப்பக் கூப்பிடுங்கப்பா."

எல்லோரும் இன்னும் வேகமாக வெட்டினார்கள். மதியத்துக்குள் சாலை திறந்தது. அவரவர் ஆட்களை அவரவர் உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள்.

பனி உருகியதும் சர்ச் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சட்டத்தை எடுத்துவிடலாம் என்று ஆர்லோ முன்மொழிந்தார். எடுத்துவிட்டால் ஊருக்குள் யார் யாரெல்லாம் வந்துவிடுவார்களோ என்று டிரென்ட் கவலைப்பட்டான். பலரும் தலையாட்டினார்கள். சட்டம் அப்படியே இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் லோர்னாவின் கை மற்றவர்களோடு சேர்ந்து மேலே போனது. அவளுக்கே அது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது, ஆனாலும் இறக்கவில்லை. பின்வரிசையில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த டெஸ்ஸா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீடு திரும்பும் வழியில் காரில், கேம்ப்பருக்குப் புதுத் தார்பாய் வாங்க வேண்டும், பழையது கிழிந்துவிட்டது, வெளியே தெரிகிறது என்றாள் லோர்னா.