வாத்தியார் பந்து

மாலை ஐந்து நாற்பது. அப்பாவின் கருமாதி முடிந்து கதவைத் திறந்தபோது, முதலில் கண்ணில் பட்டது டென்னிஸ் மட்டையோடு நின்ற கோவிந்தன் மாமா.

"ஆட்டம் இருக்கும்மா, வா."

மாமாவே தண்ணீர் தெளித்திருக்க வேண்டும். மைதானத்தை நெருங்கும்போதே செம்மண் வாசனை வந்தது.

எனக்கு ஒன்பது வயதிலும் இதே வாசனைதான். திருவண்ணாமலையை ஒட்டிய எங்கள் ஊர் டென்னிஸ் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் இறந்தால், கருமாதி அன்று மாலை அவருடைய இரட்டையர் ஆட்டத்தை மீதி மூவரும் ஆடுவார்கள். இறந்தவர் இடத்துக்குப் போகும் பந்தை யாரும் எடுக்கக் கூடாது. அன்று கருமாதி, அப்பாவின் ஜோடியான வாத்தியாருக்கு. கழனியிலிருந்து வந்த அப்பா லுங்கியை மடித்துக் கட்டி நின்றார். எட்டினால் எடுத்துவிடக்கூடிய தூரத்தில் பந்து விழுந்தது.

"ஓடுப்பா!" என்று கத்தினேன்.

"அது வாத்தியாரு பந்தும்மா."

எதிர்ப்பக்கம் தன் தம்பியோடு ஆடிய கோவிந்தன் மாமா, "உயிரோட இருந்தப்பவே அவரு ஓட மாட்டாரு, இப்போ ஓடிடப் போறாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு, துண்டால் நெடுநேரம் முகத்தைத் துடைத்தார்.

அந்தத் தம்பியும் போன வருஷம் போய்விட்டார். நால்வரில் மீதி மாமா மட்டும்தான்.

இப்போது மைதானத்தில் வலை கட்டியிருந்தது.

"நான் எதிர்ல நிக்கட்டுமா மாமா?"

"அது உங்கப்பா எடம்மா. ஓரமா உக்காரு."

மாமா அடித்த முதல் பந்து வலையில் பட்டது. இரண்டாவது எதிர்ப்பக்கம் விழுந்து, உருண்டு, வேலியோரம் போய் நின்றது.