நான்கு பிரவுசரும் ஒரு வலிப்பும்

என் போனில் இப்போது நான்கு பிரவுசர்கள் இருக்கின்றன. நான்கும் என் அந்தரங்கத்தை மதிப்பதாகத்தான் சொல்கின்றன. ஒன்று சொல்லிவிட்டுக் கீழே "ஏற்கிறேன்" என்ற பட்டனை நீட்டுகிறது. "மாட்டேன்" என்பதற்கான பட்டனைத் தேடிப்பிடிக்க அரைமணி நேரம் ஆகிறது. இன்னொன்றில் ரகசியப் பக்கம் திறந்தால், வேலை செய்யுமிடத்தில் உள்ளவர்கள் இதைப் பார்க்கக்கூடும் என்று அதுவே எச்சரிக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யாருக்குப் பயந்து ஒளிகிறேனோ, அவர்களுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது என்றால் அது என்ன ரகசியம்?

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டர். ஊர் விருதுநகர்ப் பக்கம். மத்திகிரியில் வாடகை வீடு. தகட்டைக் கையால் அச்சில் வைத்து, கையை எடுத்துக்கொண்டு, காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து பிரஸ் இறங்கித் தகட்டை வெட்டும். என்னுடையது பழைய மிஷின். கையும் காலும் மாறிப்போகாதவரை ஒன்றும் ஆகாது; மாறினால் விரல் இருக்காது.

ஆடி மாதம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் தரையில் கிடந்தேன். வாயில் ரத்தம். இடையில் என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவது முறை சோற்றுத் தட்டின் முன்னால். என் மனைவி பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு இழுத்தாள். ஓசூரில் எந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்தாலும் நம் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவராவது எதிரே உட்கார்ந்திருப்பார். அதனால் லீவு போட்டு, பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். வலிப்பு என்றார். மாத்திரை எழுதினார். மனைவி மருந்துச் சீட்டோடு வெளியே போன பிறகு என்னைத் திரும்பக் கூப்பிட்டு, "ஆறு மாசத்துக்கு மிஷின் பக்கமே போகாதீங்க" என்றார். இந்தக் கடைசி வார்த்தையை நான் அவளிடம் சொல்லவில்லை. நான் ஒப்பந்தத் தொழிலாளி. மிஷின் ஓட்டத் தெரிந்ததால்தான் ஒவ்வொரு முறையும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள். மறுநாளும் மிஷினில்தான் நின்றேன்.

கேட்க ஆளில்லாதவன் போனிடம்தான் கேட்பான். வலிப்பு வந்தவர் பிரஸ் ஓட்டலாமா, மாத்திரை போட்டால் எத்தனை நாளில் நிற்கும், கம்பெனிக்குச் சொல்லியே ஆக வேண்டுமா. முதல் வாரம் எல்லாவற்றையும் சாதாரணமாகவே தேடினேன். பிறகு ஒரு நாள் சமையல் வீடியோ பார்க்கப் போனை வாங்கிய மனைவி, "என்னங்க, ஒரே நரம்பு டானிக் விளம்பரமா வருது?" என்றாள். கேன்டீனில் பக்கத்தில் உட்காருபவர்களும் என் போனை எட்டிப் பார்ப்பவர்கள்தானே. அன்றிலிருந்துதான் பிரவுசர் மாற்றத் தொடங்கினேன். மாற்றி மாற்றித் தேடியும் நிம்மதி இல்லை. போனைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பிரவுசரில் தேடியதையெல்லாம் அழித்துவிடலாம் என்று அதன் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தேன். நான் தேடாதவை அதில் இருந்தன. கிரிக்கெட் ஸ்கோர். ஓசூரிலிருந்து வேப்பனப்பள்ளிக்கு பஸ் நேரம். மாங்காய் மண்டி விலை. கன்னடத்தில் ஏதோ ஒரு பாட்டு.

புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

எங்கள் லைன் முனையில் உற்பத்திக் கணக்கைப் பதிய ஒரு கம்ப்யூட்டர் உண்டு, பக்கத்திலேயே பிரிண்டர். ஆதார் நகல், ஸ்கூல் படிவம், ரேஷன் கார்டு என்று வீட்டுக் காகிதம் எல்லாவற்றையும் நாங்கள் டீ இடைவேளையில் அதில்தான் பிரிண்ட் எடுப்போம். சூப்பர்வைசரும் கண்டுகொள்ள மாட்டார். ஜூன் மாதம் மகளின் ஆதாரை எடுக்க என் மெயிலை அதில் திறந்தேன். இங்கிலீஷில் என்னவோ கேட்டது. மணி அடித்துவிட்டதே என்று நீலப் பட்டனை அழுத்திவிட்டு ஓடினேன். என் கணக்கு அன்றிலிருந்து அங்கேயே திறந்து கிடந்திருக்கிறது. அவர்கள் தேடியது என் போனுக்கு வந்திருக்கிறது. நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தேடியது அங்கே போயிருக்கிறது, மூன்று ஷிப்டும் தொடும் கம்ப்யூட்டருக்கு.

இன்னும் கீழே போனேன். ஒரு வியாழக்கிழமை, நான் கேன்டீனில் இருந்த நேரத்தில், யாரோ தட்டியிருந்தார்கள்: பக்கத்து ஆளுக்கு ஃபிட்ஸ் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும். அடுத்த வரி: ஓடும் பிரஸ்ஸிலிருந்து ஆளை எப்படி இழுப்பது.

யார் அது? யாரிடமெல்லாம் சொன்னார்? திங்கட்கிழமை கேட்டிலேயே நிறுத்திவிடுவார்களா?

திங்கட்கிழமை யாரும் நிறுத்தவில்லை. கணக்கை மூடிவிடலாம் என்று டீ இடைவேளையில் கம்ப்யூட்டருக்குப் போனேன். என் மிஷினில் விழும் பாகங்களை எடுத்து அடுக்குபவர் அங்கே நின்றிருந்தார். வேப்பனப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு, மாந்தோப்பு வைத்திருப்பவர். மண்டி விலை யாருடைய தேடல் என்று அப்போதுதான் உறைத்தது.

"நீங்கதானா?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேணும்னு பாக்கலைண்ணா. வேப்பனப்பள்ளின்னு அடிக்கலாம்னு 'வ' தட்டினா, வலிப்புன்னு வந்து நிக்குது, மேல உங்க போட்டோ. யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லாம என்ன பண்ணீங்க?"

"என்னா பண்றது? மூணு வாரமா எமர்ஜென்சி பட்டன் பக்கத்துலயே நிக்கிறேன். உங்க முதுகையே பாத்துட்டிருக்கேன். நீங்க தும்முனாக்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடுதுண்ணா." மறுபடி சுற்றிலும் பார்த்தார். "அடுத்த வாரம் எனக்கு ஷிப்ட் மாறுது. என் இடத்துக்கு வர்ற பையனுக்கு ஒன்னும் தெரியாது. நீங்களே சொல்லிடுங்கண்ணா. நான் சொன்னா நல்லாயிருக்காது."

வெட்கமாக இருந்தது. என்னை யார் பார்க்கிறார்கள் என்று மூன்று வாரமாக நடுங்கிக்கொண்டிருந்தேன். பார்த்தவர் என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு என் பின்னால் நின்றிருக்கிறார்.

கணக்கை மூடினேன். அப்படியே சூப்பர்வைசர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு படிவம் கொடுத்தார். அதில் நோயின் பெயர், டாக்டர் பெயர், எப்போதிலிருந்து என்று நானே என் கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தேன். சாயங்காலம் மனைவியிடம் டாக்டரின் அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது பேக்கிங்கில் இருக்கிறேன். தை மாதம் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று தெரியவில்லை. கேட்டால் "பாக்கலாம்" என்கிறார்கள். அந்தப் படிவம் எந்தக் கம்ப்யூட்டரில் ஏறியது, யார் யார் படித்தார்கள் என்பதும் தெரியவில்லை. பயம் போகவில்லை. எந்தப் பிரவுசரையும் இன்னும் நம்பவில்லை. ஆனால் இதைத் தட்டிக்கொண்டிருக்கும் என் கைகளில் பத்து விரல்களும் இருக்கின்றன.