அம்சவள்ளிக்கு ஒரு பாட்டில் ரத்தம்

அபிஷேகப்பாக்கத்தில் நடவு என்றால் வரப்பை ஒட்டிய முதல் இடம் அம்சவள்ளிக்கு. அந்த இடத்தில் நிற்பவளின் வேகத்துக்குத்தான் மற்றவர்கள் பின்வாங்கி நட வேண்டும். கலியாணமாகி வந்த மறுவருஷமே, ஆள் சேர்க்கும் நாகம்மாள் அவளை அங்கே நிறுத்தினாள். பிறகு இரண்டு முறை அந்த இடம் கைமாறியது. இரண்டு முறையும் காரணம் பிள்ளைப்பேறு.

முதல் பிள்ளை தலைக்குப் பதில் உட்காரும் பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்து எடுத்தார்கள். இரண்டாவது ஒழுங்காகத் தலைகீழாகத்தான் இருந்தது. ஒரு தடவை அறுத்த வயிற்றை மறுபடி அறுப்பதுதான் வழக்கம் என்று சொல்லி, அதையும் அறுத்தே எடுத்தார்கள். அந்தத் தையலில் சீழ் வைத்தது. குனிந்தால் சுருக்கென்று இழுத்தது. அந்த சம்பா நடவு முழுக்க அம்சவள்ளி வரப்பில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

"நீ எங்கடி பெத்த? பொட்டியத் தொறந்து எடுத்துக் குடுத்தாங்க, வாங்கிகினு வந்த" என்றாள் நாகம்மாள். கேலிதான். ஆனால் அந்த வருஷம் வரப்போரத்து முதல் இடத்தில் நின்றது நாகம்மாளின் மகள்.

எழுபத்தாறில் மூன்றாவது. இந்தத் தடவையும் அறுத்தால் குனிந்து செய்யும் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று அம்சவள்ளி நினைத்தாள். குனியாத வேலை அந்த ஊரில் கணக்குப்பிள்ளைக்கு மட்டும்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா வள்ளிநாயகியிடம் நேராகவே கேட்டாள்.

"இந்தத் தடவ அறுக்காம பாக்க முடியாதாம்மா?"

டாக்டரம்மா பழைய தையலைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு தடவை அறுத்த கர்ப்பப்பை. வலி எடுக்கும்போது உள்ளே தையல் பிரிஞ்சா உன் உயிருக்கும் ஆபத்து, பிள்ளை உயிருக்கும் ஆபத்து. வேண்டாம்னுதான் சொல்வேன்."

"ஆபத்து வராம பாத்துக்கத்தானே நீங்க இருக்குறீங்க."

டாக்டரம்மா நிபந்தனை சொன்னார். வலி கண்டதும் நேரே இங்கே வந்துவிட வேண்டும். அறுத்தே ஆகவேண்டும் என்றால் மறுபேச்சு கூடாது. அவளுக்குச் சேருகிற ரத்தம் ஒரு பாட்டில் கையில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் தானாகப் பிறக்கட்டும் என்று காத்திருக்க மாட்டார், வந்ததும் ஆபரேஷன் தியேட்டர்தான்.

கடைசி நிபந்தனை ஊருக்குத் தெரிந்ததும் ஆண்களுக்கெல்லாம் வேலை வந்துவிட்டது. ஒரு பாட்டில் ரத்தம் போனவன் பிறகு ஏர் பிடிக்க முடியாது என்பது ஊரறிந்த விஷயம். புருஷன் நடேசனையும், அண்ணன் மாரிமுத்துவையும் மட்டும்தான் சோதனைக்கு இழுத்துப்போக முடிந்தது. நடேசன் ரத்தம் அவளுக்குச் சேரவில்லை. அதைக் கேட்டதும் முகத்தில் வருத்தத்தைக் கொண்டுவர அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. மாரிமுத்துவுடையது சேர்ந்தது.

அன்று முதல் மாரிமுத்து மூட்டை தூக்குவதை நிறுத்தினான். நடேசனின் அக்கா சுலோசனா, புருஷனை இழந்து தம்பி வீட்டோடு இருந்தவள், வாராவாரம் மாரிமுத்துவைக் கூப்பிட்டு ஈரல் வறுத்துப் போட்டாள்.

"எனக்கும் ரெண்டு துண்டு வைங்க அண்ணி" என்றாள் அம்சவள்ளி.

"உனுக்கு எதுக்குடி? நீ வாங்கப்போறவ. குடுக்கப்போறவன் துன்னட்டும்."

ஆவணியில் ஒரு காலை வலி கண்டது. நடேசன் வண்டி கட்டப் போனான். தவளக்குப்பம் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து பஸ். மாரிமுத்து வந்து நின்றான். சுலோசனாவிடம் கேட்டான்.

"ஊசி எம்மாம் பெரிசு இருக்கும்?"

பிள்ளை பெற்றவளுக்குப் பிராந்தி கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சுலோசனா அதை முன்கூட்டியே வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். இப்போது வெளியே எடுத்தாள்.

"ரத்தம் ஜில்லுனு எறங்குனா கட்டிக்கும். சூடா போவட்டும். குடி."

ஒரு டம்ளர் குடித்தான். வண்டி வரத் தாமதமானதால் இன்னொன்றும் குடித்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவர் அவனை வாசலிலேயே நிறுத்தினார். "யோவ், ரத்தம் குடுக்க வந்தியா, சாராயக்கடை போட வந்தியா? தூரமா போய் உக்காரு."

செய்தி உள்ளே போனது. "அப்போ தியேட்டருக்குக் கொண்டுபோங்க" என்றார் டாக்டரம்மா.

"எனுக்கு இன்னா தெரியும் அம்சா? உன் நாத்தனாருதான் சூடு பண்ணி அனுப்பிச்சிது" என்று வெளியிலிருந்து மாரிமுத்து அழுதான்.

அம்சவள்ளி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வேற வழியே இல்லியாம்மா?"

"ரத்த வங்கியில உனக்குச் சேர்றது ஒரு பாட்டில் இருக்கு. பதிலுக்கு யாராவது ஒரு பாட்டில் குடுத்தா வாங்கலாம். எந்த வகை ரத்தமா இருந்தாலும் சரி."

எல்லோரும் நடேசனைப் பார்த்தார்கள். நடேசன் திரும்பிப் பார்த்தான். பின்னால் சுவர் இருந்தது.

"என்னுது சேராதுன்னு சொன்னாங்களேம்மா."

"உன் பெண்டாட்டிக்குத்தான் சேராது. வேற யாருக்காவது சேரும்."

"பேர் தெரியாத ஆளுக்கா?"

"யோவ்" என்றாள் அம்சவள்ளி. அடுத்த வலி வந்து போகும்வரை பல்லைக் கடித்திருந்தாள். "குடுக்குறியா, நான் எழுந்து வரட்டுமா?"

நடேசன் கொடுத்தான். பாட்டில் நிறைந்தபோது தான் இன்னும் உயிரோடு இருப்பதை ரத்தம் எடுப்பவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டான்.

டாக்டரம்மா அம்சவள்ளியின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையின் இதயத் துடிப்பை வயிற்றில் குழல் வைத்துக் கேட்பார். வலி நிற்கும்போது தையலை அழுத்திப் பார்ப்பார்.

"இங்கே வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதே."

"பொய் சொல்ல எங்கம்மா தெம்பு?"

பொழுது சாயும்போது பிள்ளையின் தலை வந்து நின்றுவிட்டது. இனி முக்க விட்டால் தையல் தாங்காது என்று டாக்டரம்மா தலையைப் பிடிக்கும் ஆயுதம் போட்டு இழுத்தார். பெண் குழந்தை. தையல் பிரியவில்லை. ஒரு பாட்டில் ரத்தம் அப்படியே மிச்சம்.

"என்னுத திருப்பிக் குடுத்துடுவாங்களா?" என்று நடேசன் விசாரித்தான்.

மறுநாள் குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸ் வந்தாள். "மூணாச்சு, போதும். சின்ன ஆபரேஷன்தான். தொப்புளுக்குக் கீழே லேசா அறுத்து—"

"அறுக்கறதா?" அம்சவள்ளி குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டாள். "ஆம்பளைக்கும் ஒண்ணு இருக்குதாமே. அதுல வயித்த அறுக்க மாட்டாங்களாம்."

"இருக்கு. செஞ்ச அன்னைக்கே வூட்டுக்குப் போயிடலாம்."

இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்த நடேசனைப் பார்த்தார்கள். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அவன் எழுந்து போனான். அதைத் தவளக்குப்பம் போய்த்தான் குடித்தான்.

ஐப்பசியில் நடவு தொடங்கியது. அம்சவள்ளி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பை ஒட்டிய இடத்தில் இறங்கிக் குனிந்தாள். இழுக்கவில்லை. நாகம்மாள் மகளை அடுத்த இடத்துக்கு நகர்த்தினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் நடேசனின் பாய் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. அம்சவள்ளி அதைப் பற்றிப் பேசவும் இல்லை, உள்ளே எடுத்துப் போடவும் இல்லை. அந்த வருஷம் பனி அதிகம். பொங்கல் முடிந்ததும் அவனே அந்த நர்ஸைத் தேடி டவுனுக்கு பஸ் ஏறினான்.