நான் பத்திரப்படுத்திய அப்பாவின் கண்ணாடி

"நீ யாரு? என் பொண்ணு மாதிரியே உடுத்திக்கிட்டு வந்திருக்க. யாரு அனுப்புனா?"

தவக்காலத்தின் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை காலை. புத்தூரில் ஒரு மருத்துவமனை வார்டில் அப்பா என்னைக் கேட்டது இது. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள். ட்ரிப்ஸில் விஷம் ஏறுகிறது என்று ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். நம் பங்கில் உங்களில் பலருக்குப் பள்ளியில் கணக்கு சொல்லித்தந்த அதே மனிதர்.

அப்பா நர்ஸைச் சந்தேகப்பட்டார். நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. பழுது கண்டால் காரணங்களைப் பட்டியலிடுவேன். நோட்டில் எழுதினேன்: மயக்க மருந்து கூடியதா, மருந்து மாறியதா, அப்பா வார்டில் கீழே விழுந்ததை மறைக்கிறார்களா. மருந்துச் சீட்டுகளையெல்லாம் போனில் படம் எடுத்தேன்.

டாக்டர் இதை டெலிரியம் என்றார். திடீரென வரும் மனக்குழப்பம், பைத்தியம் இல்லை. மருத்துவமனையில் சேருகிறவர்களுக்கு, அதுவும் வயதானவர்களுக்கு, அடிக்கடி வருவதுதான் என்றார். என் சந்தேகம் கூடியது. அவ்வளவு சாதாரணம் என்றால் ஏன் ஒருவரும் முன்பே சொல்லவில்லை? பழியைத் தட்டிக்கழிக்க ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

மாடிப்படியில் உட்கார்ந்து செபித்தேன். அழகான செபம் இல்லை. "ஆண்டவரே, தப்பு செஞ்சது யாருன்னு காட்டும்" என்றேன்.

திரும்பி வந்தபோது நர்ஸ் பேச, அப்பா அவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயாவுக்குக் காது கேக்குமாங்க? வீட்ல கண்ணாடி போடுவாரா? சரியா கேக்காம, தெரியாம இருந்தா குழப்பம் கூடும்."

நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். அறுவை சிகிச்சைக்கு முன் அப்பாவிடமிருந்து கழற்றி வாங்கியவை, வரிசை எண்ணோடு, என் கையெழுத்தில்: மோதிரம், கைக்கடிகாரம், கண்ணாடி, காது மெஷின், செபமாலை. தொலையக் கூடாதென்று ஸ்ரீரங்கத்து வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டியவள் நான்.

அவற்றை எடுத்துவரப் போன ஆட்டோ காவிரிப் பாலம் கடக்கும் வரை அழுதேன்.

மெஷினை மாட்டியதும் தெளிந்துவிடவில்லை. டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தினார், சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து தந்தார். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டார்கள். நான் அப்பாவுக்கு நாளும் கிழமையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை, "சாப்டியாம்மா?" என்றார். நோட்டைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, என்னையும் லிஸ்ட்ல சேத்து பீரோல பூட்டாம விட்ட" என்றார்.

நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் சந்தேகப்படுகிறேன், ஆனால் முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டுத்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர் மருத்துவமனையில் திடீரென வேறு ஆளாகிவிட்டால், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். கண்ணாடியை அவர் கைக்கு எட்டுமாறு வையுங்கள். பிறகு ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் காட்டுவது நீங்கள் நினைத்த ஆளாக இல்லாவிட்டாலும், கேளுங்கள்.