ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மீன் தட்டு மட்டும் நேற்றுக் கழுவி வைத்ததுபோல் கண்ணுக்குள் நிற்கிறது. நீளமான வெள்ளைத் தட்டு. ஓரத்தில் நீலக் கோடு, ஒரு முனையில் சின்ன உடைவு.

ஒஸ்லோவுக்கு வெளியே, காட்டோரம் இருந்த பெரிய வீடொன்றுக்குச் சில நாள் சமையலறை வேலைக்குப் போயிருந்தேன். வந்திருப்பவர்கள் ஆராய்ச்சிக்காரர் என்றார்கள். பகலெல்லாம் இரண்டு பகுதியாக இருந்து அவர்கள் உரத்துக் கதைப்பது அடுப்படி வரை கேட்கும். சாப்பாட்டுக்கு மட்டும் ஒரே மேசை. அந்தத் தட்டிலிருந்த சல்மன் மீனை ஒருவர் மற்றப் பகுதிக்காரருக்கு எடுத்துப் போட்டதைக் கதவிடுக்கால் கண்டேன். பல மாதம் கழித்து பாலஸ்தீனத் தலைவரும் இஸ்ரேல் தலைவரும் கைகுலுக்கியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கூட நின்றவர்களில் ஒருவர் மீன் எடுத்துப் போட்ட அதே மனிதர்.

என் நிரந்தர வேலை ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். அங்கே என்னோடு கோப்பை கழுவியவர் ஒரு பாலஸ்தீனத்து அண்ணை. இளவயதில் காசாவில் விட்டுவந்த தாயை அவர் பிறகு காணவே இல்லை. எங்கள் ஊரில் பகைத்த வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள். ஒரு செம்பு தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். கை நனைத்தால் பகை முடிந்தது என்று அர்த்தம். அதையும், அந்த மீன் தட்டில் நான் கண்டதையும் அரைகுறை நொர்வேஜிய மொழியில் அவருக்குச் சொன்னேன். அவர் பதிலை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

“ஒரே தட்டிலையோ? நீ கண்டனியோ?”

“ஓம் அண்ணை, என்ரை கண்ணாலை கண்டனான்.”

“எங்கடை ஆக்களும் அப்பிடித்தான். ரொட்டியும் உப்பும் பங்கிட்டவை பிறகு கை ஓங்கமாட்டினம்.”

அந்தக் கிழமையே ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவில் ஒரு சூட்கேஸ் வாங்கினார். தாய்க்கென்று கம்பளிக் காலுறையை முதலில் வைத்தார். வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சிரித்தார். “நீ கோப்பை கழுவப் போனனியோ, சமாதானம் பேசப் போனனியோ?”

காசாவுக்குப் போக அனுமதி வரவில்லை. பிறகு அங்கே சண்டை. பிறகும் அனுமதிக்கு எழுதிப்போட்டார். இல்லத்தில் நாங்கள் உடுப்பு மாற்றும் அறை மூலையில் சூட்கேஸ் வருடக்கணக்காக நின்றது. தாய் இறந்த செய்தி வந்த மறுநாளும் வேலைக்கு வந்தார். காலுறையை எடுத்துப்போய், குளிருது என்று எப்போதும் முனகும் ஒரு நொர்வேக் கிழவியின் காலில் போட்டுவிட்டார்.

அதன்பின் எங்கள் நாட்டுச் சண்டைக்கும் இதே நொர்வேக்காரர் நடுவில் நின்றார்கள். என் தங்கை குடும்பம் அப்போது வன்னியில் இருந்தது. இரு பகுதியும் ஒஸ்லோவுக்கு வந்த நேரம் அண்ணை மெதுவாகக் கேட்டார்.

“ஒண்டாச் சாப்பிட்டவையோ?”

“சாப்பிட்டவையாம்.”

அவர் கையிலிருந்த தட்டை, ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார்.

அந்தப் பேச்சும் முறிந்து வன்னியில் சண்டை மூண்டது. இன்று அண்ணையும் இல்லை, தங்கையும் இல்லை. காசாவுக்காகத் தலைவர்கள் கூடிப் பேசுகிறார்கள் என்று இப்போதும் தொலைக்காட்சியில் காட்டும்போது நான் முகங்களைப் பார்ப்பதில்லை. மேசையைத்தான் பார்க்கிறேன். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது.

அந்த வீடு எந்த ஊர், அது எந்த மாதம் என்று எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். ஒரே தட்டில் சாப்பிட்டதை மட்டும் திருத்தவேண்டாம். அதை நான் கண்டேன்.