அம்மாவின் கடிதங்களும் ஐந்து நிமிடமும்

எங்கள் வீட்டு மோடத்தின் வயரில் சூடத்தின் வாசனை அடிக்கும். டெலிபோன் பில்லுக்குப் பயந்த அப்பா, அந்த மெல்லிய வயரைக் கழற்றிச் சுருட்டி, சாமி மேடையில் திருநீற்றுத் தட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். குளிக்காமல் யாரும் அதைத் தொட முடியாது, தொட்டாலும் சாமி பார்த்துக்கொண்டிருக்கும் என்பது அவருடைய நினைப்பு. தொண்ணூறுகளின் பிற்பாதியில், எங்கள் சின்ன ஊரான மஸ்ஜித் தானாவில் இண்டர்நெட்டைச் சாமியின் பொறுப்பில் விட்டிருந்த வீடு எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும்.

மாலா அக்கா நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்து போன பிறகுதான் அந்தப் பழைய கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. வெளிநாட்டுக்குப் போன் போட்டுக் கட்டுப்படியாகாது, ஈமெயில்தான் மலிவு என்று லோரி ஓட்டும் அப்பாவிடம் கூட்டாளி யாரோ சொல்லியிருந்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டில் அதை இயக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிரும் என்னிடம் தாராளமாக இருந்தது.

அக்கா போனதில் அம்மாவுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஏர்போர்ட்டில் அக்கா காலைத் தொட்டுக் கும்பிட்டபோதுகூட ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டார்.

அங்கே பேசாததை எல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் என்னிடம் பேசினார். பள்ளிக்கூடக் கேண்டீன் வேலை முடிந்து வந்து, நெத்திலித் தலைகளைக் கிள்ளிப் போட்டபடியே அவர் சொல்லச் சொல்ல, அக்காவுக்கு அனுப்புவதற்காக நான் ஒரு தடித்த நோட்டில் எழுதிக்கொள்வேன். கோலா சுங்கை பாருவிலிருந்து வரும் மீன்காரர் "பெரிய பாப்பா எப்ப வரும்" என்று கேட்டது, கிளேபாங் கடற்கரையில் இளநீர் குடிக்கும்போது அக்காவின் நினைப்பு வந்து பாதியிலேயே வைத்துவிட்டது, கறிவேப்பிலைச் செடி மறுபடியும் துளிர்த்தது என்று அது மூன்று பக்கம், நான்கு பக்கம் ஓடும்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, சாமி மேடையிலிருந்து வயரை எடுத்து மாட்டுவேன். மோடம் கீச்சிட்டுக் கரகரத்து ஓயும்வரை அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். லைன் கிடைத்ததும் "ஓடுது, ஓடுது, காசு ஓடுது லா, சீக்கிரம் அடி!" என்று தொடங்கிவிடுவார். ஐந்து நிமிடம், அதற்குமேல் ஒரு வினாடி போனாலும் வயரைப் பிடுங்கிவிடுவார். ஒற்றை விரலால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தேடித் தேடி அடிக்கிற எனக்கு அந்த ஐந்து நிமிடத்தில் நான்கு வரி அடிப்பதே பெரும்பாடு. அதனால் மீன்காரர் போனார், இளநீர் போனது, கறிவேப்பிலையும் போனது. "எல்லாரும் நலம். நன்றாகப் படி. குளிரில் வெளியே போகாதே. அம்மா" என்பதுதான் மிஞ்சியது.

"ஏம்மா இவ்ளோ பேசுற? சுருக்கமா சொல்லு, காசு ஓடுதுல்ல" என்று வாரம் தவறாமல் அம்மாவைக் கடிந்துகொள்வேன். அக்காவின் பதில்களும் மெல்லச் சுருங்கின. கடைசியில் "நலம். மாலா" என்ற அளவுக்கு வந்து நின்றன.

இரண்டு வருடம் கழித்து விடுமுறைக்கு வந்த அக்கா, மறுநாள் மத்தியானம் துணி காயப்போடும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அம்மாக்கு இன்னும் எம்மேல கோவமாடி? ஒரு வரியாவது ஆசையா எழுதினதில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து கொடுத்தேன். வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தாள். முதல் பக்கத்திலேயே அது இருந்தது: "ஏர்போர்ட்ல நான் வாயத் தொறந்தா அழுதுருவேன். நான் அழுதா நீ போவமாட்ட. அதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். மனசுல வெச்சிக்காத." அடிக்க நேரமாகும் என்று நான் முதன்முதலில் விட்டுவிட்ட வரிகள் அவை.

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய், அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "என்னடி, பசிக்குதா?" என்றார் அம்மா.

அன்று சாயங்காலம்தான் அக்கா சொல்லிக் கொடுத்தாள். "மக்கு, வயர மாட்டறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் அடிச்சி வெச்சிக்கலாம்டி. அனுப்புற நேரத்துக்கு மட்டுந்தான் காசு." மூன்று பக்கமென்ன, முப்பது பக்கம்கூட அந்த ஐந்து நிமிடத்தில் போயிருக்கும். அக்கா திரும்பிப் போன அடுத்த வெள்ளிக்கிழமை நான் புது நோட்டோடு ஆவலாக உட்கார்ந்தேன். அம்மா நான்கு வரி சொன்னார். அப்புறம் "அவ்ளோதான், போதும்" என்று நெத்திலித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டு வருடம் நான் கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை.

இன்று அப்பா இல்லை, மோடமும் இல்லை. சாமி மேடையில் திருநீற்றுத் தட்டுக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருக்கிறது. நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரு காசு கூடுதலாக ஓடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, இன்றைக்காவது மீன்காரரில் தொடங்கிக் கறிவேப்பிலை வரை வருவார் என்று ஆசையோடு காத்திருப்பேன்.

"நல்லாருக்கேன். நீ சாப்ட்டியா? சரி, வெச்சிடு" என்கிறார்.

"காசு ஓடாதும்மா. பேசும்மா."

"சுருக்கமா சொன்னா போதாதா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுகிறார். அப்புறம் நான் அந்தப் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அம்மா பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன்.