காணிக்கைக்கு வந்த திராட்சை

“ஞாயிறு அறுப்பின் பண்டிகைக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக் கொடிப் பழம் கொண்டுவரவில்லை, பார்வையாக இருக்காது. தோட்டத்தில் நல்ல குலையாகப் பார்த்து அறுத்து வருகிறேன். காளவாசலில் நிற்கவும்.”

என் மனைவியின் அண்ணன் எழுதிய அஞ்சலட்டை. முத்திரையில் 1997 நவம்பர் என்பது தெரிகிறது. நாள் மட்டும் மை கலைந்துவிட்டது.

மச்சானுக்கு வாடிப்பட்டிக்கு மேற்கே திராட்சைத் தோட்டம். அந்தப் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் கிணற்றோரம் நாலைந்து கொடிகளை மருந்தடிக்காமல் விட்டிருப்பார்கள். அதுதான் வீட்டுக் கொடி. பழம் சிறுத்து, புள்ளி விழுந்து, காக்கை கொத்தி இருக்கும். வீட்டாரும் உறவினரும் தின்பது அதைத்தான். மற்றதெல்லாம் மதுரைச் சந்தைக்கு.

அந்த ஞாயிறு காலை மதுரை காளவாசல் டீக்கடையில் கூடையைத் திறந்து காட்டினார். கருநீலக் குலைகள், ஒரு பழத்தில்கூடப் புள்ளி இல்லை.

“இந்த மழையில எப்படி மச்சான் தப்பிச்சுச்சு?”

“தானா எங்க தப்பிக்கும் மாப்ள? வெள்ளிக்கிழமை மருந்து அடிச்சேன். இல்லேன்னா அம்புட்டும் பூசணம்.”

“மயில்துத்தமா?”

“அது பழைய வைத்தியம். இது கொடிக்குள்ளயே ஊறி நின்னு வேலை செய்யுமாம்.”

“அடிச்சு எத்தனை நாள் கழிச்சு அறுக்கணும்னு பாக்கெட்ல போட்டிருக்குமே?”

“எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்து, யாரு படிக்கிறது? மருந்துக் கடைக்காரர்ட்ட கேட்டேன். மேல நிக்கிறத வெயில் தின்னுரும், மிச்சத்த மழை கழுவிரும், கீழ விழுந்தத மண்ணு செரிச்சிரும்னாரு.”

“வெள்ளிக்கிழமையிலருந்து வெயில் எங்க அடிச்சுச்சு?”

மச்சான் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார். டீயைக் குடித்து முடித்தார்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் என்னை அதிகம் எரிச்சலூட்டியது. மருந்து சிதையும். வெயிலில் கொஞ்சம், கொடியின் உயிர்ச்சாற்றில் கொஞ்சம், மண்ணில் நுண்ணுயிர்கள் தின்று கொஞ்சம். ஆனால் அதற்கு நாள் வேண்டும். மப்பும் குளிரும் அந்த நாட்களை நீட்டும். தோலுக்குள் இறங்கியதை மழை கழுவாது. மயில்துத்தத்தில் இருக்கும் செம்போ உலோகம். எந்த மண்ணும் அதைச் செரிப்பதில்லை, வருடா வருடம் சேர்த்து வைத்துக்கொள்ளும். இவ்வளவும் நூலகத்துப் புத்தகங்களில் இருக்கிறது. விற்கிறவர் வாயில் பாதி மட்டும் வருகிறது, விற்பதற்குத் தோதான பாதி.

எங்கள் தேவாலயச் சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு வரும் காய்கனிகளை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். திராட்சையை ஏலத்தில் எடுப்பவர் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அங்கேயே, ஞாயிறு வேதபாடம் படிக்க வரும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிடுவார். கூடையைப் பீடத்தருகே வைக்கும் முன்பே சபைச் செயலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“சார், காணிக்கையில குத்தம் பாக்காதீங்க. சந்தையில வாங்கித் திங்கிறதும் இதே பழந்தான்” என்றார்.

அவருக்கு அது சமாதானம். எனக்கு அது இன்னொரு குற்றச்சாட்டு.

ஏலத்தில் திராட்சையை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எடுத்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் எழுந்து, மருந்தடித்து இரண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை, பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்று எல்லோர் முன்னும் சொன்னேன். கூட்டம் மச்சானைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் கறுத்துவிட்டது.

“சாமிக்குச் சொத்தையக் கொண்டாந்து வைக்கச் சொல்றீகளா மாப்ள? நாங்க திங்கிறத விட நல்லதாப் பாத்துத்தான கொண்டாந்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. பழுதில்லாததைத்தான் படைக்க வேண்டும் என்று நம்பித்தான், தன் பிள்ளைகளுக்குக் கொடுக்காத பழத்தை ஆண்டவருக்குக் கொண்டுவந்திருந்தார். அவர் மேல் வந்த கோபம் அந்த இடத்தில் முட்டி நின்றது. மற்றவர்கள் மேல் வந்தது நிற்கவில்லை.

போதகர் இரு தரப்புக்கும் நடுவில் ஒரு வழி கண்டார். உப்புத் தண்ணீரில் கழுவிக் கொடுக்கலாம் என்றார். வாளி வந்தது. பெண்கள் சேலைத் தலைப்பால் ஒவ்வொரு பழமாகத் துடைத்து, மேலே படிந்திருந்த வெள்ளை மாவைத் தேய்த்து எடுத்தார்கள். “பாத்தீங்களா, எம்புட்டு மருந்து” என்று ஒருவர் என்னிடமே விரலை நீட்டிக் காட்டினார். அது பழம் தானாகப் பூசிக்கொள்ளும் மெழுகு. வீட்டுக் கொடிப் பழத்திலும் இருக்கும். மருந்துக்கு நிறமே இல்லை, அது உள்ளே இருக்கிறது என்றேன். “பிள்ளைங்க முன்னாடி பயமுறுத்தாதீங்க சார்.” பிள்ளைகள் தின்றார்கள்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறு ஞாயிறு செயலாளர் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அன்றே வாந்தி எடுத்தால்தான் விஷம் என்பது படித்தவர்களின் கணக்காகவும் இருந்தது. மச்சான் அதன் பிறகு நெடுநாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் மனைவி அதற்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் என் மேல் கோபப்பட்டாள்.

பண்டிகையன்று ஒரு குலையை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். மறுநாள் திங்கட்கிழமை அதை ஒரு பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். மண்ணில் தழை, மணி, சாம்பல் சத்து பார்ப்போம், பழத்தில் மருந்து பார்க்க இங்கே வசதியில்லை என்றார்கள். வேறெங்கே என்றேன். சென்னையில் இருக்கலாம் என்றார் ஒருவர். அங்கும் இல்லை என்றார் பக்கத்து மேசைக்காரர். சொல்லிக்கொண்டிருந்தபோதே பைக்குள் பழம் நசுங்கிச் சாறு வடிந்தது.

அந்தப் பிள்ளைகள் தின்ற பழத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் இருந்தது, ஆபத்தான அளவா, பயப்பட வேண்டாத அளவா என்பதை நான் சரிபார்க்கவில்லை. சரிபார்த்த வேறு யாரையும் எனக்குத் தெரியாது.